மசில் பிரேக்கும் மகளின் கம்பளித் தொப்பியும்

போன வருடம் மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை காலை. லண்டனில் நாங்கள் இருக்கும் கோலியர்ஸ் வுட்டிலிருந்து காரில் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போனால் வரும் ஒரு துப்பாக்கி சுடும் இடத்தில் இது நடந்தது. பள்ளிக்கூடம் போகும் வயது வராத பிள்ளையை வைத்திருக்கும் ஒருத்திக்கு அங்கே என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் உறவுக்காரரும் அதைத்தான் கேட்டார்கள். அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் நோர்வேயில் வளர்ந்தவர். அவருக்கு இரண்டு வயதாக இருக்கும்போதே மாமாவும் மாமியும் அந்த நாட்டின் வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் வேலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே இலையுதிர் காலம் வந்தால் வேலைத்தலத்தில் பாதிப்பேர் லீவு போட்டுவிட்டு வேட்டைக்குப் போய்விடுவார்களாம். எல்க் என்று ஒரு மான், நம் ஊர் மரையை விட எவ்வளவோ பெரியது. இவரும் இவருடைய அண்ணரும் இளவயதிலேயே ஊர்க்காரரோடு அந்தக் குழுவில் சேர்ந்துவிட்டார்கள். கலியாணம் முடித்து லண்டனில் எலக்ட்ரீசியனாக வேலை செய்தாலும், வருடத்தில் ஒரு கிழமையை இவர் அதற்கென்று ஒதுக்கி வைத்திருப்பார். அந்த இறைச்சியை மாமி வறுத்த தூள் போட்டுப் பிரட்டி வைத்தால் ஆட்டிறைச்சி தோற்றுவிடும். அதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள். துப்பாக்கிச் சத்தம் கேட்டால் குப்புறப் படுக்க வேண்டும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். துப்பாக்கி வைத்திருப்பதற்கான அனுமதிப் பத்திரத்துக்காகப் பொலிசிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். துப்பாக்கி வைக்கும் இரும்புப் பெட்டி சுவரில் சரியாகப் பூட்டப்பட்டிருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தார். என்னிடம் தனியாக, இதில் உங்களுக்குச் சம்மதம்தானா என்றும் கேட்டார். சம்மதம் என்றேன். அவர் போன பிறகு, உண்மையாகத்தான் சொன்னேனா அல்லது நல்ல மனைவி சொல்ல வேண்டியதைச் சொன்னேனா என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். என் சுபாவம் அப்படி.

இவருடைய துப்பாக்கி ஒரு மெக்னம் ரைபிள். மெக்னம் என்றால் தோட்டாவில் மருந்து கூட. குண்டு வேகமாகப் போகும், அதே வேகத்துக்கு ஈடாகத் துப்பாக்கி பின்னால் உதைக்கும். அந்த உதை முழுவதையும் வாங்குவது சுடுகிறவரின் தோள். இவர் ஏணியிலிருந்து விழுந்து காறை எலும்பை முறித்துக்கொள்ளும் வரைக்கும் அது ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை. எலும்பு பொருந்தி மாதங்கள் போன பிறகும், பயிற்சிக்குப் போய் வந்தால் தோள் நீலம் பாரித்திருக்கும். அதைவிடப் பெரிய பிரச்சினை, உடம்பு முன்கூட்டியே பயப்படத் தொடங்கிவிட்டது. விசையை அழுத்துவதற்கு முன்பே கண் மூடிக்கொள்கிறது, கை ஆடுகிறது என்றார். நோர்வேயில் பெரிய மிருகங்களை வேட்டையாடுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் சுட்டுக்காட்டித் தேற வேண்டும். கை ஆடினால் தேற முடியாது. தேறினாலும், மிருகத்தைக் காயப்படுத்தி ஓடவிடுவது மாதிரி ஒரு பாவம் இல்லை என்பது அந்தக் குழுவின் எண்ணம். இவர் வாய் திறந்து கவலைப்படுகிறவர் இல்லை. அந்த வருடம் ஜனவரியில் சாப்பாட்டு மேசையில் இடது கையால் சோறு போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது.

சின்னத் துப்பாக்கியாக மாற்றலாமே என்று கேட்டேன். இது அண்ணை தந்த துவக்கு என்பதோடு பேச்சை முடித்துவிட்டார்.

உடனே நான் தேடத் தொடங்கினேன். எதையாவது பற்றிக் கவலை வந்தால் அதைப் பற்றி வாசித்துத் தீர்ப்பது என் பழக்கம். பிள்ளை வயிற்றில் இருந்தபோதும் அப்படித்தான். மசில் பிரேக் என்ற பெயரே எனக்கு அப்போதுதான் அறிமுகம். மசில் என்றால் ஆங்கிலத்தில் துப்பாக்கிக் குழலின் வாய். கையின் பெருவிரலை விடக் கொஞ்சம் நீளமான ஓர் இரும்புக் குழாய். துப்பாக்கிக் குழலின் நுனியில் புரி வெட்டி அதைத் திருகி விடுவார்கள். அதன் பக்கங்களில் துளைகள் இருக்கும். அவ்வளவுதான். இந்தச் சின்னச் சாமான் எப்படி அந்தப் பெரிய உதையைக் குறைக்கும் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்தவள் நான். நியூட்டனின் மூன்றாம் விதியை எத்தனை தரம் எழுதியிருப்பேன், ஆனால் அது ஒருவருடைய தோளில் இடிக்கும் என்று நினைத்ததில்லை.

வாசிக்க வாசிக்க விளங்கியது. உதை முழுவதும் குண்டினால் மட்டும் வருவதில்லை. குண்டுக்குப் பின்னால் எரிந்த மருந்தின் வாயு குழலின் வாயிலிருந்து பாய்கிறதே, அதுவும் ராக்கெட்டைத் தள்ளுவதுபோலத் துப்பாக்கியைப் பின்னால் தள்ளுகிறது. பிரேக் அந்த வாயுவை முன்னால் போகவிடாமல் தன் சுவர்களால் தடுத்து, பக்கத்துத் துளைகள் வழியாகத் திருப்பிவிடுகிறது. சுவரில் மோதும் வாயு துப்பாக்கியை முன்னால் இழுக்கிறது. பின்னுக்குப் போகிற உதையில் அவ்வளவும் கழிந்துவிடுகிறது. இதை நம்புவதற்கு நான் குசினிக்குள் போய், தண்ணீர்க் குழாயை முழு வேகத்தில் திறந்து, துளைகள் உள்ள கண்ணகப்பையை அதன் கீழே பிடித்துப் பார்த்தேன். அகப்பை கையை விட்டுக் கீழே இழுத்தது. தண்ணீர் நாலு பக்கமும் சிதறி என் சட்டையும் நிலமும் நனைந்தன. இழுக்கிறது, இழுக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். நிலத்தைத் துடைத்துவிட்டு வந்து, இதைப் பூட்டியே ஆக வேண்டும் என்று இவரிடம் சொன்னேன்.

இவருக்கு அவ்வளவு விருப்பம் இல்லை. சத்தம் கூடும் என்று நண்பர்கள் சொல்வார்கள் என்றார். காதை மூடிக்கொண்டால் போச்சு, தோளை மூட முடியுமா என்று நான் வாதாடினேன். கடைசியில் அனுமதி பெற்ற துப்பாக்கி திருத்துகிற ஒருவரிடம் கொடுத்துப் புரி வெட்டிப் பூட்டி, உரிய சோதனைகளும் முடிந்து அது வீட்டுக்கு வந்தது. அதைக் கையில் வாங்கி ஒவ்வொரு துளையாக ஒளியில் பிடித்துப் பார்த்தேன். பூட்டச் சொன்னது நான் என்று ஒரு பெருமை.

அந்தச் சனிக்கிழமை இவர் சேர்ந்திருந்த சுடும் கழகத்தில் குடும்பத்தினரும் வரலாம் என்று ஒரு நாள் வைத்திருந்தார்கள். தேநீர், கேக் எல்லாம் உண்டு. பிரேக் வேலை செய்கிறதா என்று நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் நானும் வருகிறேன் என்றேன். மகளுக்கு அப்போது மூன்றரை வயது.

மகளைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவளுக்கு நடுக்காதில் நீர் கட்டும் பிரச்சினை இருந்தது. இரண்டரை வயதில் பேச்சு பிந்தியபோதுதான் கண்டுபிடித்தார்கள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். பிடிவாதக்காரி என்று நான் இரண்டு தரம் கோபித்துமிருக்கிறேன், பிறகு அதை நினைத்து அழுதுமிருக்கிறேன். மருத்துவமனையில் ஒவ்வொரு சில மாதமும் கேட்டல் பரிசோதனை. நீர் தானாக வற்றத் தொடங்கி, கேட்டல் சரியாகி, சொற்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த நேரம் அது. அதனால் அவளுடைய காதை நான் கண்ணைப்போலக் காத்தேன். எங்கள் ஆட்கள் எல்லோரையும் போல, காதுக்குள் பனி போகக்கூடாது என்பதுதான் எனக்குத் தெரிந்த பெரிய காவல். வெளியே இறங்கும்போது இரண்டு காதிலும் பஞ்சு, அதற்கு மேல் காதை மூடிக் கட்டும் தடித்த கம்பளித் தொப்பி. நேர்சரியில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

துப்பாக்கிச் சத்தத்துக்கென்று அவளுக்குச் சின்ன அளவில் ரோசா நிறக் காதுக் கவசம் ஒன்றும் வாங்கியிருந்தேன். விமர்சனங்கள் எல்லாம் வாசித்து, நல்லதாகப் பார்த்து வாங்கியது. பஞ்சு, தொப்பி, அதற்கு மேல் கவசம். மூன்று காவல் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அங்கே போனதும் இவரிடம் நூறு கேள்வி கேட்டேன். குண்டு திரும்பி வருமா, யாராவது தவறிச் சுட்டால் என்ன, பிள்ளை ஓடினால் என்ன என்று. சுடுகிறவர்கள் ஒரு நீளக் கூரையின் கீழ் வரிசையாக மேசை போட்டு இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நிலத்தில் ஒரு மஞ்சள் கோடு. பார்வையாளர்கள் அதைத் தாண்டக்கூடாது. இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“குண்டு அங்கால போகுது, நீங்கள் இஞ்சால நிக்கிறியள். இதில பயப்பிட என்ன கிடக்கு? அந்தக் கோட்டைத் தாண்டாமல் நில்லும், காணும்.”

கோட்டைத் தாண்டாமல்தான் நின்றேன். ஆனால் நடுவில் நின்றால் காற்று வந்து முகத்தில் அடித்தது. தூறலும் இருந்தது. பிள்ளைக்குக் காற்றுப் படும் என்று நான் கோட்டோடு நகர்ந்து நகர்ந்து, கூரையின் ஓரத்தில் பலகைச் சுவர் இருந்த மூலைக்குப் போய்விட்டேன். காற்று இல்லாத நல்ல இடம். கடைசி மேசை இவருடையது. கோடு அந்த மூலையில் மேசைக்குக் கிட்டவாக வளைந்து போனது. அதனால் நாங்கள் இவருக்குப் பின்னால் என்று சொல்வதை விட, பக்கத்தில் என்று சொல்வதே சரி. என் சப்பாத்து நுனி கோட்டுக்கு உள்ளேயா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன். சரியாகத்தான் இருந்தது.

முதல் வெடி.

அதைச் சத்தம் என்று சொல்லத் தெரியவில்லை. நெஞ்சில் யாரோ இரண்டு கையாலும் தள்ளியதுபோல இருந்தது. என் தலைமயிர் பறந்தது. பலகைச் சுவர் அதிர்ந்தது. மகள் ஒரு கணம் அசையாமல் நின்றாள், பிறகு வாயைப் பிளந்துகொண்டு அழத் தொடங்கினாள். கவசத்துக்கு மேலால் கையை வைத்து அமத்தினாள். பயந்துவிட்டாள் என்று நினைத்துத் தூக்கிக்கொண்டேன். இவர் என் பக்கம் திரும்பினார். பல மாதங்களாக நான் பார்க்காத ஒரு சிரிப்பு. தோளைத் தட்டிக் காட்டிப் பெருவிரலை உயர்த்தினார். நோகவில்லை என்கிறார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அழுகிற பிள்ளையைத் தட்டிக்கொடுத்தபடியே நானும் பெருவிரலைக் காட்டினேன். அந்தக் காட்சியை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

இவர் அடுத்த தோட்டாவை எடுத்துவிட்டார். அப்போதுதான் யாரோ சுடுவதை நிறுத்தச் சொல்லிப் பலமாகக் கத்தினார்கள். வரிசை முழுவதும் நின்றது. துப்பாக்கிகளைத் திறந்து வைத்துவிட்டு எல்லோரும் பின்னால் வந்தார்கள். செம்மஞ்சள் மேற்சட்டை போட்ட ஒரு பெண் எங்களை நோக்கி வேகமாக நடந்து வந்தாள். அன்றைக்குப் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ளும் தொண்டர்களில் ஒருத்தி. என்னை விட நாலைந்து வயது குறைவாக இருக்கும். கழுத்தில் பச்சை குத்தியிருந்தாள், தலைமயிர் ஊதா நிறம். உண்மையைச் சொன்னால், என்னடா இது, இத்தனை பேர் முன்னால் எங்களைத்தான் பிடித்தாளா என்று எனக்குக் கோபம் வந்தது. அவள் வாய் திறப்பதற்கு முன்பே, நான் கோட்டைத் தாண்டவில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன்.

அவள் மகளுக்கு முன்னால் முழங்காலில் அமர்ந்து, கவசத்துக்கும் கம்பளித் தொப்பிக்கும் இடையில் தன் சுட்டுவிரலை மெதுவாக விட்டாள். விரல் தடையில்லாமல் உள்ளே போனது. விரல் போகிற இடத்தால் சத்தமும் போகும் என்றாள். கவசத்தின் மெத்தை வெறும் தோலில் ஒட்டி இருக்க வேண்டும், கம்பளி இடையில் வந்தால் அது கவசமே இல்லை என்று விளங்கப்படுத்தினாள். பிறகு தொப்பியைக் கழற்றினாள். பஞ்சு தெரிந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்து, இது எதற்கு என்று உண்மையாகவே அறிய விரும்புகிறவள் மாதிரிக் கேட்டாள். குளிருக்கு என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. பஞ்சு சத்தத்தை மறிக்காது என்று மட்டும் சொன்னாள்.

எனக்கு அப்போதும் மனம் ஆறவில்லை. மற்றவர்களும் சுடுகிறார்கள், அவர்களுடைய பிள்ளைகளும் நிற்கிறார்கள், எங்களை மட்டும் ஏன் என்று கேட்டேன். அவள் மேசையில் இருந்த இவருடைய துப்பாக்கியைக் காட்டினாள். பிரேக்கின் துளைகளைக் காட்டினாள். அந்தத் துளைகளிலிருந்து கையை நீட்டி, பக்கவாட்டில் கொஞ்சம் பின்னுக்குச் சரித்து ஒரு கோடு இழுத்தாள். அவள் விரல் வந்து நின்ற இடத்தில் என் மகள் நின்றாள்.

எனக்கு உடனே நனைந்த என் சட்டை ஞாபகம் வந்தது. வாயு பக்கமாகப் போகிறது என்று நானே வாசித்து, நானே பரிசோதித்து, இவருக்கு நானே வகுப்பும் எடுத்திருந்தேன். பக்கம் என்றால் அங்கே யாராவது நிற்பார்கள் என்பது மட்டும் என் மூளைக்கு வரவில்லை.

அப்போது அவள் தன் ஊதா மயிரை ஒதுக்கிக் காட்டினாள். இடது காதுக்குப் பின்னால் ஒரு கேட்டல் கருவி இருந்தது. சின்ன வயதில் அப்பாவோடு சுடப் போவாளாம். அவர் சுட, இவள் பக்கத்தில் இருந்து தூரநோக்கியில் பார்த்துப் புள்ளி சொல்வாளாம். அவருக்கும் தோள் வருத்தம், அவருடைய துப்பாக்கியிலும் இதே பிரேக். காதுக்குள் பஞ்சுருண்டை மாதிரி எதையோ வைத்திருந்தது போதும் என்று நினைத்திருக்கிறார்கள். கோபமே இல்லாமல் சொன்னாள்:

“வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் தோள் எப்படி என்று எல்லோரும் கேட்பார்கள். என் காதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.”

இவர் பின்னால் வந்து நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். போய்த் துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். அந்தப் பெண் தேநீர் கொடுக்கும் அறைக்குள் எங்களைக் கூட்டிக்கொண்டு போய், மகளுக்குக் கேக் ஒன்று எடுத்துக் கொடுத்துவிட்டுத் தன் வேலைக்குப் போய்விட்டாள். நன்றி சொன்னேனா என்று எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இல்லை.

காரில் வரும்போது மகள் சொன்னாள், “அம்மா, காதுக்குள்ள ஒரு ஈ கத்துது.” பிரேக்கை நீர் சொல்லித்தானே பூட்டினது என்று இவர் சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் எனக்கு அழவாவது ஒரு சாட்டுக் கிடைத்திருக்கும். வீட்டுக்குக் கிட்ட வந்தபோது இவர் சொன்னார்:

“பிள்ளை அழுதது எனக்குத் தெரிஞ்சது. நோகேல்ல எண்டு உமக்குக் காட்டுறதிலதான் நிண்டிட்டன்.”

நானும் அதில்தான் நின்றேன் என்றேன்.

அடுத்த நாள் காலையில் ஈ போய்விட்டது என்றாள். எனக்குப் போகவில்லை. அவள் விளையாடும்போது பின்னால் நின்று மெதுவாகப் பெயரைச் சொல்லிப் பார்ப்பேன், திரும்ப மாட்டாள். அதை விட மெதுவாக, சொக்லேட் வேணுமோ என்பேன், ஓடி வருவாள். இவர் சிரித்தார், என்னால் சிரிக்க முடியவில்லை. மருத்துவமனைக்குத் தொலைபேசி எடுத்து, அடுத்த பரிசோதனையை முந்தித் தரச் சொல்லிக் கேட்டேன். காரணம் என்ன என்றார்கள். துப்பாக்கி சுடும் இடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோன தாய் என்று எழுதினால் என்ன நினைப்பார்கள், சமூக சேவைக்காரருக்கு அறிவித்தால் என்ன செய்வது என்றெல்லாம் மனம் ஓடியது. பெரிய சத்தம் ஒன்று என்று சொல்லிப் பார்த்தேன். என்ன சத்தம் என்று கேட்டார்கள். சொல்லிவிட்டேன், தொப்பியையும் பஞ்சையும் சேர்த்து. மறுமுனையில் இருந்தவர் ஒரு குறையும் சொல்லாமல் அடுத்த கிழமைக்கு நாள் தந்தார்.

சின்ன அறை. மகளுக்குக் காதில் ஹெட்போனைப் போட்டுவிட்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு மர ஆணியைப் பலகைத் துளையில் போட வேண்டும் என்று விளையாட்டுப் போலச் சொல்லிக் கொடுத்தார்கள். தாய் கண்ணாலோ கையாலோ எதையும் காட்டக்கூடாது என்று எனக்கும் கட்டளை. அவளுக்குக் கேட்பது எனக்குக் கேட்காது. ஆணி ஒன்று விழுந்தது, இன்னொன்று விழுந்தது. பிறகு சத்தத்தைக் குறைத்துக்கொண்டு போகிறார்கள் என்று விளங்கியது. அவள் ஆணியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் போனது. போய்விட்டது, கேட்கவில்லை, என்னால்தான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். அப்போது அவள் கண் மெல்ல அகன்றது. யாரோ ரகசியம் சொன்னதுபோல ஒரு சிரிப்போடு ஆணியைப் போட்டாள்.

முந்திய பரிசோதனையில் இருந்த அளவேதான், ஒரு குறையும் இல்லை என்றார் பரிசோதித்தவர். வெளியே வந்து நடைபாதையில் இருந்த வாங்கில் உட்கார்ந்து, ஆட்கள் பார்க்கப் பார்க்க அழுதேன். மகள் பரிசோதித்தவர் தன் கையில் ஒட்டிவிட்ட சிவப்பு ஸ்டிக்கரைக் கழற்றி என் சட்டையில் ஒட்டிவிட்டாள்.

அந்தப் பிரேக்கைக் கழற்றிவிட்டு அதே புரியில் சத்தம் குறைக்கும் கருவி ஒன்றை இவர் அனுமதி எடுத்துப் பூட்டிக்கொண்டார். அது நீளம், பாரம், உதையைப் பிரேக் அளவுக்குக் குறைப்பதில்லை. தோள் கொஞ்சம் நோகத்தான் செய்கிறது. கோடையில் அந்த நோர்வேச் சோதனையில் இரண்டாம் முறை சுட்டுத் தேறினார். பிரேக் கூடாத சாமான் என்று நான் சொல்ல வரவில்லை. தனியாக நின்று, காதைச் சரியாக மூடிச் சுடுகிறவர்களுக்கு அது பெரிய உதவி. அது எப்படி வேலை செய்கிறது என்பதில் எனக்கு இன்றும் அதே ஆச்சரியம் இருக்கிறது.

கவலைப்படுகிறவள் கவனமானவள் என்றுதான் அதுவரை என்னைப் பற்றி நினைத்திருந்தேன். இப்போது வீட்டில் ஒருவருடைய நோவைக் குறைக்க வழி கண்டுபிடித்துவிட்டேன் என்று சந்தோஷம் வரும்போதெல்லாம், அந்த நோ எந்தப் பக்கம் திரும்பிப் போகிறது, அங்கே யார் நிற்கிறார்கள் என்று ஒரு தரம் பார்த்துக்கொள்கிறேன்.